மூன்று சுற்றுப் பூச்சாண்டி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடுகு எழுதுவது. நான், அவர், கட்டெறும்பு மூன்று பேரும் சௌக்கியம். அவளுக்குக் கீழ் வரிசையில் ஒரு பல் முளைத்திருக்கிறது. இத்தனை நாள் செல்லமாகக் கட்டெறும்பு என்றோம். இப்போது நிஜமாகவே கடிக்கிறாள். உன் இருமல் எப்படி இருக்கிறது? சுரங்கத்துக்குள் போகும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா, இல்லை, "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று வீரம் பேசுகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறேன். உங்கள் முகாமில் இருப்பது ஒரே கணினி, உனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசை. அவர்கள் காதில் விழக் குடும்பக் கதை பேசுவதைவிட ஆன்லைனில் போக்கர் ஆடலாம் என்று நீ முடிவு செய்தது சரிதான். காசு கிடையாது, வெறும் புள்ளி; யாருக்கும் நஷ்டமில்லை. நம் விதி ஞாபகம் இருக்கிறதல்லவா? மேஜையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம். கடிதத்தில் கேட்டால் கையைக் காட்டிவிட வேண்டும்.

கேட்கிறேன். நடுவில் ராஜா, ஏழு, இரண்டு என்று மூன்று சீட்டு திறந்ததும் பந்தயம் கட்டினாய். நாலாவது சீட்டுக்கும் கட்டினாய். சரி, அக்காவிடம் இன்னொரு ராஜா இருக்கிறது என்று நடுங்கிப்போனேன். ஐந்தாவது சீட்டு விழுந்ததும் பந்தயம் கட்டாமல் உட்கார்ந்துவிட்டாய். நான் கொஞ்சம் பந்தயம் கட்டினேன், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடிவிட்டாய். உன்னிடம் என்ன இருந்தது?

என் பிரசவ லீவு பதினைந்தோடு முடிகிறது. பதினாறாம் தேதி பெயிண்ட் ஃபேக்டரி, நிறம் ஒப்பிடுகிற பழைய விளக்குப் பெட்டி, பழைய சுண்ணாம்பு. (எந்த நிறத் தகட்டைக் காட்டினாலும் "இன்னும் கொஞ்சம் வெளுப்பா வேணுமே" என்கிற எங்கள் சூப்பர்வைசரின் பட்டப்பெயரை நீ மறந்திருக்க மாட்டாய்.) கட்டெறும்பை ஃபேக்டரி வாசலுக்கு எதிரில் உள்ள காப்பகத்தில் விடப்போகிறேன்.

கிளம்பும்போது நீ சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். "முடியலேன்னா ஒரு வரி எழுது, அடுத்த வண்டில இறங்கி வந்துடுவேன்" என்றாய். அக்கா, வேண்டாம். சுரங்கம் அளக்கிற இந்த வேலையை நடுவில் விட்டால் உனக்கு இன்னொரு தடவை கிடைக்காது. பதினான்கு வருடத்துக்கு முன் எனக்கு மஞ்சள் காமாலை என்று பாலம் கட்டுகிற இடத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதோடு வெளிவேலை போச்சு. இத்தனை வருடம் ஆபீசில் மற்றவர்கள் அளந்ததை உட்கார்ந்து வரைந்தாய். எனக்காக ஒருமுறை இறங்கி வந்தது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
கடுகு


பிப்ரவரி 16

கடுகுக்கு,

அக்கா எழுதுகிறேன். இருமல் போய்விட்டது. போனதால் இரவில் நர்ஸின் குறட்டை தெளிவாகக் கேட்கிறது. இருவருக்கும் ஒரே அறை. முகாமில் அறுபது ஆண்கள், அவள், நான். அறுபது பேரும் சேர்ந்து குறட்டை விட்டாலும் அவள் ஜெயிப்பாள்.

என் கையில் ஒன்பதும் எட்டும். நடுவில் விழுந்த எதனோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் இரண்டு சுற்றில் "ராஜா வச்சிருக்கேன் பார்" என்று பூச்சாண்டி காட்டினேன். மூன்றாவதில் எனக்கே பயமாகிவிட்டது. நீ பயப்படவே இல்லை என்று நினைத்தேன். பயந்தாயா? சொல்லித் தொலைத்திருக்கலாமே.

இங்கே சமையல்காரருக்கு உப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. எனக்குக் கொடுத்த பூட்ஸ் இரண்டு அளவு பெரிது. செய்தித்தாளைத் திணித்துப் போடுகிறேன், பழைய செய்தி எல்லாம் என் காலடியில். தலைமைப் பொறியாளர் சிடுமூஞ்சி. நான் கூரையில் குறி அடிக்கும்போது கீழே நின்று "ஒரு விரக்கடை தப்பினா ரெண்டு பக்கமும் சந்திக்காதும்மா" என்கிறார். தினமும் சொல்கிறார். மலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் குடைந்துகொண்டு வருகிறது, இந்தப் பக்கம் நாங்கள். ஆகஸ்டில் நடுவில் சந்திக்க வேண்டும். அந்த ஆளுக்கு முன்னால் நான் அதைச் செய்துகாட்ட வேண்டும்.

இன்று உனக்கு முதல் நாள். இதை எழுதும்போது மணி ஒன்பது. உள்ளே போயிருப்பாய். உடனே எழுது. எதையும் மறைக்காதே. வண்டி வியாழன்தோறும் வருகிறது. கடிதத்தைக் கொண்டுவந்தது போலவே என்னையும் கொண்டுபோகும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் பூட்ஸ் சங்கதியை அவரிடம் சொன்னேன். அச்சகத்தில் மீந்த தாள் கட்டுக்கட்டாக இருக்கிறதாம், நல்ல செய்தியாகப் பார்த்து அனுப்புகிறாராம்.

பதினாறாம் தேதியே சேர்ந்துவிட்டேன். நீ கவலைப்பட்ட மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. விளக்குப் பெட்டிக்குள் இரண்டு தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கண் தானாகப் பழைய பழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு நீலத்துக்கும் அதன் அடுத்த நீலத்துக்கும் உள்ள வித்தியாசம், யாரோ தூரத்தில் கூப்பிடுவது போல மெல்லத் தெரிந்தது. சூப்பர்வைசர் மிகவும் அன்பாக விசாரித்தார். கூட வேலை செய்கிறவர்கள் என் மேஜையைத் துடைத்து வைத்திருந்தார்கள். கட்டெறும்பு காப்பகத்தில் சமர்த்தாக இருக்கிறாள்.

இனி உன் பூச்சாண்டி. தப்பு எங்கே என்றால், கதையை நடுவில் நிறுத்திவிட்டாய். முதல் சுற்றில் ராஜா இருக்கிறது என்று சொன்னவள் கடைசிச் சுற்றிலும் அதையேதான் சொல்ல வேண்டும். நிஜமாகவே ராஜா வைத்திருக்கிறவள் ஒவ்வொரு சுற்றிலும் என்ன செய்வாளோ, அதையே செய். அவ்வளவுதான் வித்தை. நடுவில் உனக்குப் பயம் வந்தால் எதிராளிக்குத் தெரியாது. பந்தயம் நின்றால்தான் தெரியும்.

நிம்மதியாக இரு. சாப்பாட்டில் உப்பை நீயே போட்டுக்கொள்.

கடுகு


மார்ச் 12

கடுகுக்கு,

நானும் நர்ஸும் நலம். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக்காட்டினேன். "உங்க தங்கச்சி நல்லா எழுதுறாங்க" என்றாள். சின்ன வயதில் நான் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த பலன் என்றேன். விட்டுக்கொடுப்பேனா.

வேலைக்குப் போய்விட்டாய் என்று படித்ததும் ஒரு மூட்டை இறங்கினது போல இருந்தது. இனி நான் நிம்மதியாக மலையைக் குடையலாம். முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் பாக்கி.

நேற்று சிடுமூஞ்சியோடு சண்டை. அந்தப் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கணக்கும் என் கணக்கும் அரை விரல் ஒத்துவரவில்லை. "பொண்ணுங்க கை நடுங்கும்" என்றார். மறுபடி அளக்கலாம், நீங்களே வந்து பிடியுங்கள் என்று அளவு நூலை அவர் கையில் கொடுத்தேன். தப்பு அந்தப் பக்கம். மன்னிப்புக் கேட்கவில்லை, மதியம் என் தட்டுக்கு உப்பு டப்பாவை மட்டும் நகர்த்தினார்.

ஒன்று கேட்க வேண்டும். கட்டெறும்பு காப்பகத்தில் யார் மடியில் தூங்குகிறாள்? உன் கடிதத்தில் நீலத்துக்கு மூன்று வரி இருக்கிறது, அவளுக்கு ஒரு வரிதான்.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் சுகம். நீ சுகமா? நூலைக் கையில் கொடுத்த இடத்தை அவரிடம் இரண்டு தடவை படித்துக்காட்டினேன். "உங்க அக்கா என் அச்சகத்துக்கு மேனேஜரா வரக்கூடாதே கடவுளே" என்றார்.

காப்பகத்தை நடத்துகிறவர் முன்பு பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது. கட்டெறும்பு அவர் மடியில்தான் தூங்குகிறாள். பிள்ளைகள் பதினொரு பேர், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். மாடிப்படிக்குக் கதவு உண்டு. பால் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுகிறார்கள். ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது. தண்ணீர் வாளியை மூடி வைக்கிறார்கள்.

வேலையிலும் நல்ல பெயர். போன வாரம் ஒரு பச்சை யாருக்கும் பொருந்தவில்லை. நான் பார்த்தவுடன் ஒரு சொட்டு மஞ்சள் குறைவு என்றேன். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். மத்தியான இடைவேளையில் கட்டெறும்பைப் போய்ப் பார்த்துவிட்டு வர அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நானே எதிர்பார்க்கவில்லை, இவ்வளவு சுலபமாக இருக்குமென்று.

ஆகஸ்டில் அந்தச் சுவர் உடையும்போது நீ முன்னால் நின்றிருக்க வேண்டும். அதை மட்டும் நினை.

கடுகு


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? மூன்று வாரமாகக் கடிதமும் இல்லை, மூன்று ஞாயிறாக மேஜையில் உன் நாற்காலியும் காலி. கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்தேன். மண் சரிந்து பாதை மூடியிருக்கிறது, இணையக் கம்பியும் அறுந்திருக்கிறது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்று யார் சொன்னாலும் எனக்கு அதிலிருந்துதான் பயம் தொடங்கும். அவர் சொல்கிறார், "உங்க அக்காவைப் பார்த்து மலைதான் பயப்படணும்."

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. இன்னொரு சந்தோஷச் செய்தி. வெளிநாட்டுக்குப் போகிற நிறங்கள் முழுவதையும் என் பொறுப்பில் கொடுத்திருக்கிறார்கள். தனி அலமாரி, தனிச் சாவி. கட்டெறும்பு தவழ ஆரம்பித்துவிட்டாள். காலையில் காப்பக வாசலைப் பார்த்ததுமே என் இடுப்பிலிருந்து குதிக்கிறாள். நான் டாட்டா காட்டினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் சிரித்துக்கொண்டே ரோட்டைத் தாண்டிவிடுகிறேன்.

ஆகவே என்னைப் பற்றி நினைத்து ஒரு நிமிடம்கூட வீணாக்காதே. பாதை திறந்ததும் ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

உன்,
கடுகு


ஏப்ரல் 30

கடுகுக்கு,

உயிரோடு, முழுசாக, கொஞ்சம் இளைத்து இருக்கிறேன். இருபத்திரண்டு நாள் வண்டி வரவில்லை. அரிசியும் பருப்பும் மட்டும் மிச்சம். உப்பு இல்லாததை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பாதை திறந்ததும் உன் இரண்டு கடிதங்களும் சேர்ந்து வந்தன. வேலைக்குச் சேர்ந்ததாக நீ பிப்ரவரியில் எழுதியதையும் எடுத்து, மூன்றையும் வரிசையாகக் கட்டிலில் பரப்பிப் படித்தேன்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நடுவில் இரண்டு ஸ்பேடு விழுந்தன, நீ கட்டினாய். நாலாவதாக இன்னொரு ஸ்பேடு, இரண்டு மடங்கு கட்டினாய். ஐந்தாவதற்குக் கையில் இருந்த மொத்தப் புள்ளியையும் தள்ளிவிட்டாய். உன்னிடம் ஐந்து ஸ்பேடு சேர்ந்துவிட்டது என்று கதை. என்னிடம் இருந்தது ஒரு ஜோடி ராணி, அவ்வளவுதான். திரையில் கடிகாரம் ஓடி முடியும்வரை யோசித்தேன். பின்னால் நின்ற எலக்ட்ரீஷியன், "விட்டுருங்கக்கா, அந்தாளு சும்மா இவ்ளோ தள்ளமாட்டான்" என்றான். அந்தாளு என் தங்கச்சி என்று நான் சொல்லவில்லை.

உன்னிடம் நிஜமாக ஐந்து சேர்ந்திருந்தால் என்னைப் பயமுறுத்தி விரட்டமாட்டாய், கடுகு. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு என்னை உள்ளேயே உட்கார வைத்திருப்பாய். போகச் சொல்லித் தள்ளுகிறவளிடம் ஒன்றும் இல்லை. காட்டு என்றேன். நாலும் மூன்றும் வைத்திருந்தாய்.

இப்போது கடிதங்கள். நிஜமாக ராஜா வைத்திருக்கிறவள் செய்வதையே செய் என்று நீதான் எழுதினாய். நிஜமாக வேலைக்குப் போகிறவள் என்ன எழுதுவாள்? இடுப்பு வலி எழுதுவாள். பஸ் வரவில்லை என்று எழுதுவாள். வேலைக்குப் போகிறவள் எவளாவது சூப்பர்வைசரைத் திட்டாமல் மூன்று கடிதம் எழுதுவாளா? நான்கு வருடமாகச் சுண்ணாம்பு சுண்ணாம்பு என்று கரித்துக்கொட்டிய ஆள் இப்போது அன்பாக விசாரிக்கிறார், பாராட்டுகிறார், சாவி கொடுக்கிறார். முதல் கடிதத்தில் கொஞ்சம், அடுத்ததில் அதிகம், மூன்றாவதில் மொத்தமும். காப்பகத்தில் கதவையும் கம்பியையும் வாளியையும் எண்ணி எழுதியிருக்கிறாய். அந்த ஒரு பத்திதான் மூன்று கடிதத்திலும் நிஜம்.

விதிப்படி கேட்கிறேன். வேலைக்குப் போனாயா?

நீ காட்டுவதற்கு முன்னால் என் சீட்டை நானே திறந்து வைக்கிறேன். பதில் எதுவாக இருந்தாலும் நான் இறங்கி வரமாட்டேன். இருநூறு மீட்டர் பாக்கி இருக்கிறது. எனக்கு வர மனசில்லை.

அக்கா


மே 10

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இது நிஜம்.

வேலைக்குப் போகவில்லை.

மூன்று நாள் கிளம்பினேன். முதல் நாள் கட்டெறும்பைக் காப்பகத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அந்த விசிலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். ரோட்டைத் தாண்டினேன். திரும்பி வந்து வாங்கிக்கொண்டேன். இரண்டாம் நாள் லாக்கர் வரை போய் மேலங்கியைக்கூட மாட்டிவிட்டேன். பதினொரு பிள்ளைகள், இரண்டு பேர், நாலு கை. இருமினால் எந்தக் கை வரும் என்று கணக்குப் போட்டேன். மேலங்கியோடு ஓடி வந்தேன். மூன்றாம் நாள் ரோட்டையே தாண்டவில்லை. சுண்ணாம்புதான் சம்பளமில்லாத லீவுக்குக் கையெழுத்துப் போட்டார். "ஜூன் ஒண்ணாம் தேதி வரலேன்னா அப்புறம் என் கையில இல்லம்மா" என்றார். என் இடுப்பில் இருந்த கட்டெறும்பைப் பார்த்து, "இது நல்ல வெளுப்பு" என்றும் சொன்னார். இதைத்தான் உனக்கு எழுத முடியாமல் தவித்தேன்.

வீட்டில் அவருக்குத் தெரியும். "அக்காகிட்ட சொல்லிடு" என்று தினமும் சொன்னார். சொன்னால் நீ வந்துவிடுவாய். வந்தால் சுரங்கம் போய்விடும். இரண்டாவது தடவையும் என்னால்தான். அதனால்தான் தள்ளினேன்.

இன்னொன்றும் மறைத்தேன். இந்த மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் துணி காயப்போடும்போது கட்டெறும்பு கீழே உட்கார்ந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுப்பாள். பத்தில் எட்டு வாய்க்குப் போய்விட்டு வரும். மத்தியானம் அவள் தூங்கும் நாற்பது நிமிடம் சத்தத்தை அணைத்துவிட்டுப் போனில் சீட்டு ஆடுவேன். அவர் கையெல்லாம் மையோடு வந்து முழங்கையால் கதவைத் திறப்பார். குறையே இல்லை. ஆனால் ரோட்டில் ஒரு புதுக் கார் போனால் அந்தச் சிவப்பில் என்ன கலந்திருக்கிறது என்று கண் எண்ணுகிறது. அப்போது மட்டும் கார் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நீ வரமாட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் அப்பாடா என்றிருந்தது. அரை மணி கழித்துக் கோபம் வந்தது. எப்படி வரமாட்டாய் என்று பாத்திரத்தைப் போட்டுத் துலக்கினேன்.

ஜூன் ஒன்றுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடுகு


மே 19

கடுகுக்கு,

நலம். நீ பாத்திரத்தைப் போட்ட சத்தம் இங்கே கேட்டது.

நீ காட்டிவிட்டாய். இனி என் முறை. நீ கேட்கவில்லை, பதினான்கு வருடமாக நீ கேட்கவே இல்லை. அதனால்தான் இவ்வளவு நாள் ஓடியது.

அந்தப் பாலத்து வேலை எனக்கு முதல் வேலை. இருபத்திரண்டு வயது. முதல் நாளே கருவியை மட்டம் பார்க்காமல் அளந்துவிட்டேன். ஒரு நாள் வேலை முழுவதும் பாழ். ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாலு நாள் கூடாரத்துக்குள் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதேன். ஐந்தாம் நாள் உனக்கு மஞ்சள் காமாலை என்று அப்பா போன் செய்தார். அம்மா இல்லை, அப்பாவுக்கு வாரத்தில் ஆறு நாள் லாரி, நிஜம்தான். ஆனால் டாக்டர் பத்து நாள் ஓய்வு போதும் என்றார். சித்தி நம் வீட்டிலேயே இருந்தாள். "நீ வேலையைப் பாரு, இவளை நான் பார்த்துக்கிறேன்" என்று என்னிடமே சொன்னாள். நான்தான், "என் தங்கச்சியை நான் பார்க்காம யாரு பார்ப்பா?" என்று பெட்டியைக் கட்டினேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

அப்புறம் எல்லோரும் தியாகம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. அதற்கு அந்தப் பேரை வைத்துவிட்டால் யாரும் சீட்டைக் காட்டச் சொல்வதில்லை. நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் கடன்பட்டவள் போலப் பார்த்தாய். அதையும் வாங்கிக்கொண்டேன். அதற்குத்தான் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்த முகாமிலும் முதல் வாரம் பெட்டியைக் கட்டினேன். அதற்குத்தான் கிளம்பும்போதே "ஒரு வரி எழுது" என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். நீ எழுதவில்லை, எல்லாம் நலம் என்று எழுதினாய். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. வேறு வழியில்லாமல் தங்கினேன். பயம் போய்விடவில்லை. காலையில் சுரங்க வாசலில் இன்றும் பூட்ஸ் கயிற்றை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டுகிறேன். உள்ளே போய் நூலைத் தொங்கவிட்டால் பயத்துக்கு நேரமில்லை.

ஆக, உன் பொய் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. அதற்காக இன்னொன்று சொல்லாதே.

வேலைக்குப் போ, போகாதே. அது உன் கை. வீட்டில் இருப்பதுதான் பிடிக்கிறது என்றால் இரு. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். என்னைக் காரணம் சொல்லியோ கட்டெறும்பைக் காரணம் சொல்லியோ மட்டும் சீட்டைக் கவிழ்க்காதே. அவள் வளர்ந்ததும் உன்னைக் கடன்பட்டவள் போலப் பார்ப்பாள். அது பார்க்க நன்றாக இருக்கும். அதுதான் ஆபத்து.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மூவருக்கும் சளி. மற்றபடி நலம். உன் பூட்ஸ் கயிறு எப்படி?

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், உட்கார்ந்து படித்தேன், அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பதினான்கு வருடம் பெரிய துண்டை உன் தட்டில் வைத்திருக்கிறேன். ஜன்னல் சீட்டை உனக்கு விட்டிருக்கிறேன். கல்யாணப் புடவையில்கூட உனக்குப் பிடித்த நிறம்தான் எடுத்தேன். எனக்கு அந்த மஞ்சள் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு நாள் உன்னோடு மனசுக்குள் பேசவில்லை. அவர், "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்க நடுவுல ஒரு மலையே தேவைப்பட்டிருக்கு" என்று சிரித்தார். மூன்றாம் நாள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போர்வையைக் கடித்தாய் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்.

திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன்.

காப்பகத்து அம்மாவிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் ஒரு குட்டி நாற்காலியைக் காட்டி, "ஒரு மணி நேரம் உட்காரும்மா. எத்தனை கை இருக்குன்னு நீயே எண்ணிக்கோ" என்றார். முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தேன். ஒரு பையன் கீழே விழுந்தான், கை வந்தது. ஒருத்திக்குப் புரையேறியது, கை வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்தது. ஒரு மணி ஆனதும் அந்த அம்மா விசிலை ஊதி, "எண்ணியாச்சா? கிளம்பு" என்றார். விளையாட்டு மைதானத்தில் இருந்து துரத்துகிற மாதிரி.

திங்கள், செவ்வாய் கட்டெறும்பு அழவில்லை. நேற்று அழுதாள். என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, பல் இரண்டும் தெரிய, ஊரே கேட்க அழுதாள். நானும் ரோட்டைத் தாண்டும்வரை அழுதேன், தாண்டிய பிறகும் அழுதேன். உள்ளே போனதும் சுண்ணாம்பு ஒரு சாம்பல் நிறத் தகட்டை நீட்டினார். கண்ணில் தண்ணீரோடு பார்த்ததால் எல்லாமே வெளுப்பாகத் தெரிந்தது. "கரெக்ட், இதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் அந்த மனுஷன். பாதி டின் வீணாய்ப் போனதற்கு இன்று என்னிடம் விளக்கம் கேட்கிறார்.

தனி அலமாரியும் இல்லை, தனிச் சாவியும் இல்லை. என் மேஜையில் பத்து மாதத் தூசி. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு வா. உன் இருநூறு மீட்டர் எவ்வளவாகக் குறைந்தது என்று சொல். சித்தி அப்படிச் சொன்னாளா என்று நான் அவளிடமே கேட்கப்போகிறேன். இனி உன் பேச்சை நம்புவதாக இல்லை. எழுத இன்னும் நிறைய இருக்கிறது. காப்பகம் ஐந்தரைக்கு மூடுகிறது. ஒரு நிமிடம் பிந்தினாலும் அந்த அம்மா வாசலில் நின்று, ஃபேக்டரி முழுவதற்கும் கேட்க விசில் ஊதுகிறார். இப்போது ஊதிக்கொண்டிருக்கிறார், ஓடுகிறேன்.

கடுகு